மார்க்கு வந்தது, இடம் வரவில்லை!

தேர்தல் முடிவுக்குக் காத்திருந்து பழகியவர்கள் நாம். பேச்சுவார்த்தை முடிவுக்குக் காத்திருந்தும் பழகியவர்கள். 2024 இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 இல் வேலையை நிறுத்தி, அக்டோபர் 15 வரை 37 நாள் போராடியதை இந்த வட்டாரமே பார்த்தது. "இன்று முடியும், நாளை முடியும்" என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது எப்படிப்பட்ட வேதனை என்பது பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே தொழிலாளியின் வீட்டிலே, சத்தமில்லாமல், கொடியில்லாமல், கோஷமில்லாமல் இன்னொரு காத்திருப்பு ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்குப் பந்தல் கிடையாது. பத்திரிகையிலே படம் வராது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளை, தனக்குக் கல்லூரியில் இடம் உண்டா இல்லையா என்று தெரியாமல், மே முதல் ஆகஸ்டு வரை, சில ஆண்டுகளில் செப்டம்பர் வரை, வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் காத்திருப்பைச் சொல்கிறோம்.

மண்ணூரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் உள்ள ஊர். ஒரு காலத்தில் ஏரிப் பாசனமும் நெல்லுமாக இருந்த பூமி. இன்று கம்பெனி பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பஸ், ஒரகடத்துக்கு ஒரு பஸ், வல்லத்துக்கு ஒரு பஸ். பரீட்சை முடிவு வெளியாகும் காலையில் தகப்பனார் லைனில் நிற்கிறார். செல்போன் லாக்கரில் பூட்டிக் கிடக்கிறது. டீ இடைவேளையில் ஓடிப் போய்ப் போனைத் திறந்தால், மகளிடமிருந்து ஒரு வரி: "அப்பா, பாஸ்." பக்கத்தில் நிற்கிற தோழர்களுக்கெல்லாம் அன்று அவர் செலவில்தான் டீ.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் எவ்வளவு? மாலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிற வரைதான். வீட்டுக்கு வந்ததும் கேள்வி பிறக்கிறது: அடுத்து எங்கே?

முன்பெல்லாம் இப்படி இல்லை என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். முன்பு மட்டும் என்ன வாழ்ந்தது? எஸ்.எஸ்.எல்.சி. முடிவு பத்திரிகையில் எண் எண்ணாக அச்சாகி வந்த காலத்தை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பஸ் நிலையத்தில் பத்திரிகைக் கட்டு இறங்கியதும் கூட்டம் மொய்க்கும். பொடி எழுத்தில் அச்சான எண்களுக்கு நடுவே தன் எண் இருந்தால் பையன் மனிதன், இல்லாவிட்டால் இல்லை. எண் இருந்தாலும் அதன்பின் பி.யூ.சி.யில் சேரக் கல்லூரி வாசலில் நிற்க வேண்டும். விண்ணப்பப் பாரம் வாங்கவே பட்டணத்துக்கு வண்டி ஏற வேண்டும். 1978 இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு மேல்நிலை வகுப்பு வந்தபிறகு பி.யூ.சி. போயிற்று, வாசலில் நிற்பது போகவில்லை. 1984 இல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மாநில நுழைவுத் தேர்வு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடிந்தவன் ஒரு படி மேலே ஏறினான். கிராமத்துப் பிள்ளைக்கு அது தடையாக இருக்கிறது என்று முதலில் இரண்டு முறை அதை ஒழிக்கப் பார்த்தார்கள். இரண்டு முறையும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2006 இல் சட்டமே இயற்றி, 2007 இல் அது நீதிமன்றத்திலும் நிலைத்து, நுழைவுத் தேர்வு போயிற்று. அன்று முதல் பொறியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே போதும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200 க்கு 'கட் ஆப்'. நல்ல ஏற்பாடு; மறுப்பார் யார்?

மார்க்கே போதும் என்றான பிறகு, மார்க்கு வந்த மறுவாரமே இடம் வர வேண்டியதுதானே? அங்கேதான் வேடிக்கை!

2022 ஐ எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு ஜூன் 20 இல் வந்துவிட்டது. நம் பிள்ளை விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் சரிபார்த்து, தயாராக நின்றது. ஆனால் சி.பி.எஸ்.இ. முடிவு வரவில்லை. ஆகவே பொறுத்திரு என்றார்கள். அது ஜூலை 22 இல் வந்தது. விண்ணப்பிக்க அவர்களுக்கும் அவகாசம் கொடுத்தார்கள், நியாயந்தான். பிறகு ஆகஸ்டு 25 இல் பொதுக் கலந்தாய்வு என்றார்கள். அதற்குள் இன்னொரு தடை. நீட் முடிவு வரவில்லையாம்! மருத்துவ இடம் கிடைத்தவர்கள் பொறியியல் இடத்தைப் பாதியில் விட்டுப் போனால் நாற்காலிகள் காலியாகிவிடுமாம். ஆகவே பொறுத்திரு என்றார்கள். நீட் முடிவு செப்டம்பர் 7 இல் வந்தது. கலந்தாய்வு செப்டம்பர் 10 இல் தொடங்கியது. ஜூன் 20 முதல் செப்டம்பர் 10 வரை 82 நாட்கள்! நீட் பக்கமே தலைவைத்துப் படுக்காத, மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்ட ஒரு தொழிலாளியின் மகன், யாரோ எழுதிய பரீட்சையின் முடிவுக்காக 82 நாள் காத்துக் கிடந்தான்.

இடம் காலியாகிவிடும் என்ற காரணம் பொய்யில்லை. கல்லூரியில் ஒரு நாற்காலி காலியாக நான்காண்டு கிடப்பது ஊருக்கு நட்டந்தான். ஆனால் நாம் கேட்பது வேறு. காலி நாற்காலியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், அந்த 82 நாளில் காலியாகப் போகிற பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டார்களா? தொழிற்சாலையில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். கன்வேயர் ஒரு நிமிடம் நின்றால் போதும். சூப்பர்வைசர் ஓடி வருகிறார், மேனேஜர் ஓடி வருகிறார், மெயின்டெனன்ஸ் ஆள் கருவிப் பெட்டியோடு ஓடி வருகிறார். ஏன் நின்றது, யாரால் நின்றது, எத்தனை வண்டி குறைந்தது என்று அன்று மாலைக்குள் கணக்கு எழுதியாக வேண்டும். ஆனால் இலட்சக்கணக்கான பிள்ளைகளின் வாழ்க்கை மூன்று மாதம் நின்றுபோனால் ஓடி வருகிறவர் யார்? சரக்கை 'ஹோல்டு' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி ரேக்கில் வைப்பதுபோலப் பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள். சரக்கு துருப்பிடிக்காமலிருக்க எண்ணெயாவது பூசுகிறார்கள்!

இந்த இடைவெளியிலே வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இருவர். இருவருமே மகா நல்லவர்கள் போலத்தான் பேசுவார்கள்.

முதலில் வருகிறவர் 'அட்மிஷன் ஏஜெண்ட்'. "கலந்தாய்வை நம்பிக்கொண்டிருந்தால் பையன் நடுத்தெருவில் நிற்பான். இப்போதே ஒரு தொகை கட்டி சீட்டைப் பிடித்துப் போடுங்கள். பிறகு வேண்டாமென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். நமக்கு நன்கு தெரிந்த ஒரு தோழர், காண்ட்ராக்ட்டில் லோடு ஏற்றுகிற வேலை செய்பவர், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து 25,000 ரூபாயை ஒரு தனியார் கல்லூரியிலே கட்டினார். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. நெடுஞ்சாலையில் அப்படிப்பட்ட வளைவுகள் பல இருக்கின்றன. பணத்தோடு மகளின் மாற்றுச் சான்றிதழையும் மார்க்குப் பட்டியலையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் அந்தப் பெண்ணுக்குக் கலந்தாய்விலேயே அரசாங்க இடம் கிடைத்தது. கிடைத்ததும் தெருவெல்லாம் சந்தோஷம். சேர்வதற்கு ஒரிஜினல் சான்றிதழ் வேண்டும் என்றதும் சந்தோஷம் ஓடிப் போயிற்று. தகப்பனார் அந்தக் கல்லூரி அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தார். ஒரு நாள் கேஷியர் இல்லை, மறுநாள் முதல்வர் மீட்டிங்கில் இருக்கிறார், மூன்றாம் நாள் "முழு ஆண்டுக் கட்டணமும் கட்டினால் தருகிறோம்". நாலு நாளும் அவருக்குச் சம்பள வெட்டு. கடைசி நாளுக்கு முந்தின நாள் தோழர்கள் ஏழெட்டுப் பேர் கூடப் போய் நின்ற பிறகுதான் சான்றிதழ் வெளியே வந்தது. பணம்? தாலிக்கொடி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது! பல்கலைக்கழக மானியக் குழு 2018 இலேயே எழுதி வைத்திருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எந்தக் கல்லூரியும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையை விட்டு விலகுகிற பிள்ளைக்குப் பணத்தையும் திருப்ப வேண்டும். 2024-25 க்கு அவர்கள் சொன்னது, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை. அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஏட்டிலே அழகாக இருக்கிறது. அந்த ஏடு இருப்பதே லோடு ஏற்றுகிற தோழருக்குத் தெரியாது என்பதுதான் ஏஜெண்டின் மூலதனம்.

இரண்டாவதாக வருகிறவர் லேபர் காண்ட்ராக்டரின் ஆள். இவர் பணம் கேட்கவில்லை. பணம் கொடுக்கிறேன் என்கிறார். "பையன் சும்மாதானே இருக்கிறான்? காலேஜ் திறக்கும் வரை வரட்டுமே. வேன் வாசலுக்கே வரும், சாப்பாடு உண்டு, மாதம் பிறந்தால் கையில் காசு." இதில் என்ன தவறு என்று தோன்றும். உழைத்துச் சம்பாதிப்பது கேவலமா? ஒரு நாளும் இல்லை. உழைப்பவர்கள் நாம், உழைப்பைப் பழிக்க மாட்டோம். ஆனால் அந்தக் "காலேஜ் திறக்கும் வரை" என்ற மூன்று சொல்லில்தான் கண்ணி இருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை பாக்கி தீர்கிறது. இரண்டாம் மாதத்தில் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள். மூன்றாம் மாதத்தில் கலந்தாய்வுக் கடிதம் வரும்போது வண்டித் தவணை இன்னும் 30 பாக்கி இருக்கிறது. தாயார் சொல்லுகிறாள்: "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா." அடுத்த வருஷம் யார் பார்த்தார்கள்?

இது நம் கற்பனை அல்ல. நோக்கியா கம்பெனி 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியபோது, பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு எத்தனையோ கிராமத்துப் பெண்கள் அங்கே வந்தார்கள். கொஞ்ச நாள் வேலை, பிறகு படிப்பு என்று சொல்லிக்கொண்டுதான் பலரும் வந்தார்கள். 2014 நவம்பர் 1 இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றது. எட்டாண்டு கழித்து, இருபத்தைந்து வயதில், கையில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு வெளியே வந்தவர்கள், அந்தச் சான்றிதழை எங்கே கொண்டுபோய் நீட்டுவார்கள்? 18 வயதில் விட்ட இடம் 26 வயதில் காத்துக்கொண்டிருக்குமா?

ஆகவேதான், இந்த மூன்று மாதம் வெறும் மூன்று மாதம் அல்ல என்கிறோம். ஆலை முதலாளியின் மகன் இந்த மூன்று மாதத்தில் என்ன செய்கிறான்? அவன் சேரப் போகிற பல்கலைக்கழகம் பரீட்சைக்கு முன்பே அவனுக்கு இடம் கொடுத்துவிட்டது. அவன் ஊர் சுற்றப் போகிறான். காத்திருப்பதற்கும் காசு வேண்டும், தோழர்களே! காசில்லாதவன் காத்திருக்க முடியாமல் கிடைத்த வண்டியில் ஏறிவிடுகிறான். பிறகு நாலு பெரிய மனிதர்கள் கூடி, "இந்தப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பில் நாட்டமில்லை" என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

மருத்துவப் படிப்பின் கதையைக் கேட்டால் இதைவிடக் கொடுமை. 2017 ஐ நாம் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. நீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று பிப்ரவரி 1 இல் தமிழ்நாடு சட்டமன்றம் மசோதாக்களை நிறைவேற்றி டில்லிக்கு அனுப்பியது. பதில் இல்லை. மே 7 இல் நீட் நடந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு ஒரு கேள்வித்தாள், ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு வேறொன்று. மே 12 இல் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு. மே 24 இல் நீட் முடிவை வெளியிட மதுரைக் கிளை தடை விதித்தது. ஜூன் 12 இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. ஜூன் 23 இல் முடிவு வந்தது. அதற்கு முந்தின நாள், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு 85 சதவீதம் என்று ஓர் அரசாணை. ஜூலை 14 இல் அது ரத்து. மேல்முறையீடும் ஜூலை 31 இல் தள்ளுபடி. ஆகஸ்டு 13 இல் ஒரு மத்திய அமைச்சர், தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தால் ஓராண்டு விலக்குக்கு மத்திய அரசு ஒத்துழைக்கும் என்றார். வீடுகளில் மறுபடி விளக்கு எரிந்தது. ஆகஸ்டு 22 இல், மத்திய அரசு அந்த அவசரச் சட்டத்துக்கு உடன்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்ல, நீட் மார்க்கின்படியே சேர்க்கை நடத்துக என்று உத்தரவாயிற்று. மார்க்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் 102 நாட்கள்! உண்டு, இல்லை, உண்டு, இல்லை என்று ஊசலாட்டம்.

அந்த ஊசலில் கட்டப்பட்டிருந்தவள்தான் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா. மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள். 1200 க்கு 1176 எடுத்தவள். மருத்துவத்துக்கான கட் ஆப் 200 க்கு 196.75. பழைய முறை இருந்திருந்தால் வெள்ளைக் கோட்டு அவளுக்கு உறுதி. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தன் வழக்கைச் சொன்னாள். செப்டம்பர் 1 இல் அவள் உயிரோடு இல்லை. நீட் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுகிறவர்கள் வாதிடட்டும். அந்த வாதத்தை இங்கே முடிக்க நாம் புறப்படவில்லை. வேண்டுமென்பவரும் வேண்டாமென்பவரும் ஒரு பதிலைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: விதி என்னவென்று தெரியாமலே ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைப் பரீட்சை எழுத வைத்து, எழுதி முடித்த பிறகு நூறு நாள் விதியைப் பேசிக்கொண்டிருந்தார்களே, எந்த நாட்டு நீதி இது? அந்த மசோதாக்களுக்குச் சம்மதம் இல்லை என்று 2017 செப்டம்பரிலேயே முடிவாகிவிட்டதாம். அது மக்களுக்குத் தெரியவந்தது 2019 ஜூலையில், அதுவும் நீதிமன்றத்தில் கேட்டபோது!

அதோடு நின்றதா? 2018 இல் தமிழ் நீட் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று மதுரைக் கிளை ஜூலை 10 இல் 196 மார்க்கு சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. தமிழில் எழுதிய 24 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பத்து நாள் கனவு கண்டார்கள். ஜூலை 20 இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மசோதா செப்டம்பர் 15 இல் நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துக்கு 45 நாள் ஆயிற்று. மாநில அரசு பொறுக்க முடியாமல் அக்டோபர் 29 இல் தானே அரசாணை போட்டது. மறுநாளே கையெழுத்தும் வந்தது! ஒரு பேனாவைத் திறக்க 45 நாளா என்று டீக்கடையில் கேட்டார்கள். பதில் சொல்வார் இல்லை. அந்த ஒதுக்கீட்டால் அந்த ஆண்டே நானூறுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்களுக்குப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பர் 13 இல் நிறைவேறிய நீட் விலக்கு மசோதாவோ, திருப்பி அனுப்பப்பட்டு, 2022 பிப்ரவரி 8 இல் மீண்டும் நிறைவேறி, டில்லி போய், சம்மதம் மறுக்கப்பட்டது என்ற செய்தி 2025 ஏப்ரல் 4 இல்தான் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மசோதா முதலில் நிறைவேறிய ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை, அதற்குள் மூன்றாண்டுப் பட்டப் படிப்பு ஒன்றை முடித்தே வெளியே வந்திருக்கும்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமா என்று பார்த்தால், இல்லை. இலங்கையிலே நம் மக்கள் படும் பாடு இன்னும் நீளமானது. 2022 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சையை அங்கே 2023 ஜனவரியில் தொடங்கினார்கள். முடிவு செப்டம்பர் 4 இல் வந்தது. அதன்பின் 'இசட் மதிப்பெண்' வெளியாக வேண்டும், மாவட்டக் கோட்டா கணக்குப் போட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்குள் வயது கரைந்துவிடுகிறது. இங்கிலாந்தில் கொரோனா ஆண்டான 2020 இல் பரீட்சை இல்லாமல் கம்ப்யூட்டர் கணக்கால் மார்க்கு போட்டார்கள். ஆகஸ்டு 13 இல் முடிவு வந்தது; ஆசிரியர்கள் போட்ட மார்க்கில் ஏறக்குறைய 40 சதவீதத்தைக் கம்ப்யூட்டர் குறைத்துவிட்டது. பணக்காரத் தனியார் பள்ளிகள் தப்பின. ஏழைப் பகுதிப் பிள்ளைகள் அடிபட்டார்கள். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாள்! ஆகஸ்டு 17 இல் அரசாங்கம் அந்தக் கணக்கைக் கைவிட்டது. சீனத்தில் 2024 இல் 1 கோடியே 34 இலட்சம் பேர் ஜூன் முதல் பகுதியில் பரீட்சை எழுதினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மார்க்கு வந்துவிட்டது. அத்தனை பெரிய தேசத்தில் முடிகிறதென்றால், முடியாத காரியம் அல்ல என்றுதானே பொருள்?

இங்கேயும் முடிந்திருக்கிறது. 2025 இல் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பாகவே, மே 8 இல் வந்தது, 95.03 சதவீதம் தேர்ச்சி. பொறியியல் விண்ணப்பம் அதற்கும் ஒரு நாள் முன்பே தொடங்கிவிட்டது. பொதுக் கலந்தாய்வு ஜூலையிலேயே தொடங்கியது. 2022 இன் செப்டம்பரோடு ஒப்பிட்டால் முன்னேற்றம். ஆக, காலண்டர் என்பது கடவுள் எழுதிய எழுத்தல்ல, மனிதர்கள் எழுதுவது. நாம் கேட்பது பெரிதல்ல. பரீட்சைக்கு முன்பே கலந்தாய்வுத் தேதியை அறிவியுங்கள். அறிவித்த தேதியை மாற்றாதீர்கள். மாற்றித்தான் தீர வேண்டுமானால், அதுவரை அந்தப் பிள்ளை ஏஜெண்டின் கையில் சிக்காமலிருக்க என்ன ஏற்பாடு என்பதையும் சேர்த்தே அறிவியுங்கள். போராடி வாங்கிய சம்பள ஒப்பந்தத்தில் "அமுலுக்கு வரும் தேதி" என்ற வரி இல்லாவிட்டால் நாம் கையெழுத்துப் போடுவோமா?

இனி நம் வேலையைப் பற்றிக் கொஞ்சம். கூட்டம் போட்டுக் கண்டனம் சொல்வது ஒரு பக்கம் நடக்கட்டும். கிளைத் தோழர்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

நம் வட்டாரத்தில் பாதி வீடு வெளியூர் வீடு. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து வாடகைக்கு இருப்பவர்கள். சாதிச் சான்றிதழ் சொந்தத் தாலுகாவில் கிடக்கிறது. வருமானச் சான்றிதழில் முகவரி ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்தில் போய் நின்றால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டுவதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. வீட்டில் இதுவரை பட்டதாரியே இல்லையென்றால் 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்க வேண்டும். பொறியியல் கல்விக் கட்டணத்தில் அதற்குச் சலுகை உண்டு. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும் என்பது வருந்தத்தக்க உண்மை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியலிலும் 2021 முதல் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அப்போது அறிவித்தார்கள். இந்த ஒரு வரி தெரியாமல் ஏஜெண்டிடம் பணம் கட்டிய வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று, இது தொழிற்சங்கத் தோழர்களுக்கே பலருக்குத் தெரியாது. நம் சம்பளத்தில் மாதாமாதம் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் பிடிக்கிறார்களே, அந்த இ.எஸ்.ஐ. கழகம் மருத்துவக் கல்லூரிகளும் நடத்துகிறது, சென்னை கே.கே. நகரில் ஒன்று இருக்கிறது. அந்தக் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்றே தனி ஒதுக்கீடு உண்டு. நீட் எழுதியிருக்க வேண்டும். தொழிலாளியின் பிள்ளை என்பதற்கான சான்றிதழை இ.எஸ்.ஐ.யிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கியிருக்க வேண்டும். அங்கேதான் காண்ட்ராக்டரின் திருவிளையாடல் வெளியே வரும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், கழகத்தின் கணக்கில் பணம் ஏறியிருக்காது! காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போகும்போது தெரிந்தால் ஒரு நாள் வயிற்றெரிச்சல். மகளின் மருத்துவ இடத்துக்குப் போகும்போது தெரிந்தால்? ஒவ்வொரு தோழரும் தன் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று இந்த மாதமே பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் சங்கத்தில் சொல்ல வேண்டும்.

முடிவு வருகிற வாரத்தில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிட்டு வாய் தவறியும் ஒரு சொல் சொல்லாதீர்கள். தேறாமல் போனால் சில வாரத்திலேயே துணைத் தேர்வு இருக்கிறது, ஆண்டு வீணாவதில்லை. மனம் உடைந்த பிள்ளை பேசுவதற்கு 104 என்ற எண்ணும், 14416 என்ற எண்ணும் இருக்கின்றன, இரவிலும் எடுப்பார்கள். அந்த எண்களை வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வருகிற மே மாதம் முதல் ஞாயிறுதோறும் காலையில் கிளை அலுவலகத்தில் ஒரு மேசை போடுவோம். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இரண்டு கல்லூரித் தோழர்கள் இருப்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற தோழர்கள் தூங்கப் போகுமுன் பிள்ளையையும் சான்றிதழ்களையும் ஓர் எட்டு கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகலாம். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நம்மிடமும்கூட, நகல் போதும். பொறியியல் விண்ணப்பப் பதிவுக்கு 2025 இல் 500 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 250 ரூபாய். மாதக் கடைசியில் அதற்கும் கையில் இல்லாத வீடு இருந்தால், கூச்சப்படாமல் கிளைச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும்.